கிழங்கு சேமிப்பில் அழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா: முதன்முறை இறங்குகிறவர்களுக்கு

மூன்று பருவங்களுக்கு முன் நான் அடுக்கி வைத்த சர்க்கரைவள்ளியில் ஏறக்குறைய பாதி, ஆறு வாரத்துக்குள் குப்பைக் குழிக்குப் போனது. சும்மா வைத்துப் போயிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையின் பொடியை வாங்கி, கரைத்து, கிழங்கை முக்கியெடுத்து, உலர்த்தி, எல்லாம் முறைப்படி செய்ததாக நினைத்துக்கொண்டு வைத்தேன். அப்படியும் போனது. அடுத்த பருவம் வேறொரு தவறு செய்தேன். மூன்றாவது பருவத்தில்தான் சரியாக வந்தது. அந்த இரண்டு வருட நஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டிரைக்கோடெர்மா மருந்து இல்லை, காவலாள். அழுகத் தொடங்கிய கிழங்கை அது மீட்காது. கிழங்கின் தோலில் இருக்கும் கீறலிலும் காம்பு முறிந்த இடத்திலும் கெட்ட பூஞ்சை வந்து உட்காருவதற்கு முன், இது போய் உட்கார வேண்டும். இடத்தைப் பிடிக்கும், உணவைப் பிடுங்கும், எதிரிப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். ஆனால் இதற்கெல்லாம் அது முதலில் வந்திருக்க வேண்டும். பின்னால் வரும் படிகள் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

1. உங்களுடையது எந்த அழுகல் என்று பாருங்கள்

பொடி வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. போன முறை அழுகிய கிழங்கு மிச்சம் இருந்தால் எடுத்து வெட்டிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்.

மென்மையாகி நீர் வடிந்து, மேலே சாம்பல் நிற மீசை போல முளைத்து, மீசை நுனியில் குண்டூசித் தலை மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது ரைசோபஸ். புளித்த சாராய வாடை அடிக்கும். சர்க்கரைவள்ளியின் முதல் எதிரி. காயம் இல்லாத தோலில் இதற்கு வேலை இல்லை.

தோல் சுருங்கி, வட்டம் வட்டமாகக் குழி விழுந்து, வெட்டினால் உள்ளே பொந்தும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பஞ்சும் இருந்தால் பியுசேரியம் உலர் அழுகல். உருளையில் அதிகம், மற்றக் கிழங்குகளிலும் வரும்.

கேரட்டில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து அதில் கறுப்பு உருண்டைகள் கிடந்தால் ஸ்கிளிரோட்டினியா. சேனையின் அடித்தண்டில் கடுகு மாதிரி பழுப்பு மணிகள் ஒட்டியிருந்தால் ஸ்கிளிரோஷியம் ரால்ப்சி. வள்ளிக்கிழங்கு வகைகளில் உள்ளே கரிய நிறமாகிப் போவது பெரும்பாலும் லேசியோடிப்ளோடியா.

மேலே சொன்ன பூஞ்சைகளின் மீது டிரைக்கோடெர்மாவுக்கு ஏதோ ஒரு பிடி உண்டு. பிடி இல்லாத இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பாக்டீரியா மென்னழுகல். கொழகொழவென்று கூழாகி, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் வந்தால் அது பூஞ்சையே இல்லை. டிரைக்கோடெர்மாவை நம்பி உட்கார்ந்தால் பெட்டி பெட்டியாகப் போகும். அங்கே ஈரத்தைக் குறைப்பதும், காற்றோட்டமும், கெட்டதை உடனே பொறுக்கி எடுப்பதும்தான் வழி.

இரண்டு, மரவள்ளி. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடுகள் ஓடும். அது நோயில்லை, வெட்டுப்பட்டு காற்று பட்டதும் கிழங்குக்குள் தானாக நடக்கும் மாற்றம். எந்தப் பூஞ்சையைத் தெளித்தாலும் நிற்காது. மரவள்ளியைப் பல வாரம் வைக்கலாம் என்று யாராவது பொடியைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். அழுகல் அதற்கு அடுத்த கட்டம்தான்.

2. நாள்காட்டியைப் பின்னிருந்து போடுங்கள்

நான் முதல் வருடம் அறுவடைக்கு முந்தின நாள் பொடி தேடி அலைந்தேன். அப்படிச் செய்யாதீர்கள். அறுவடை நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

நடவுக்கு 20 நாள் முன் தொழு உரத்தில் பூஞ்சையைப் பெருக்கத் தொடங்க வேண்டும். நடும் நாளில் விதைக்கிழங்கு நேர்த்தி. நட்ட ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர்ப்பகுதியில் டிரைக்கோடெர்மா கரைசலை ஒருமுறை ஊற்றல். அறுவடைக்கு ஒரு மாதம் முன் புதுப் பொட்டலம் வாங்கி, உயிர்ச் சோதனை செய்து முடித்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் முன் நீர் நிறுத்தம். அறுவடை அன்றே, தப்பினால் 24 மணி நேரத்துக்குள் தெளிப்பு. உடனே காயம் ஆற்றும் அறை, அதாவது கிழங்கின் கீறல்கள் ஆறுவதற்காகச் சூடும் ஈரமும் அளவாக வைத்த அறை.

ஸ்கிளிரோட்டினியா உள்ள மண்ணில் கேரட் போடுகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் நீளம். அந்தக் கறுப்பு உருண்டைகளைத் தேடித் தின்பதற்கென்றே கோனியோதிரியம் மினிடன்ஸ் என்ற இன்னொரு மண் பூஞ்சை இருக்கிறது. அதை நடவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். அது மெதுவாக வேலை செய்யும் ஆள், அவசரப்படுத்த முடியாது.

இந்தக் காலக்கணக்கில் இன்னொரு கண்ணி. தாமிரம் கலந்த மருந்தோ, கார்பென்டாசிம் போன்ற ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோ அடித்திருந்தால், அதற்கும் டிரைக்கோடெர்மாவுக்கும் இடையில் குறைந்தது 10 முதல் 15 நாள் விடுங்கள். கார்பென்டாசிம் டிரைக்கோடெர்மாவுக்கு விஷம் மாதிரி. இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டால் செலவு இரண்டு, பலன் ஒன்று.

3. பொட்டலத்தின் சீட்டைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

இந்த வேலையில் காகிதம் என்று இருப்பது முக்கியமாக இந்தச் சீட்டுதான். அதில் ஐந்து விஷயம் பாருங்கள்.

பூஞ்சையின் முழுப்பெயர். டிரைக்கோடெர்மா விரிடி, ஹார்சியானம், ஆஸ்பெரெல்லம் என்று இனம் போட்டிருக்க வேண்டும். முடிந்தால் ரக எண்ணும் இருக்க வேண்டும். ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு ரகம் பாய்ந்து வேலை செய்யும், இன்னொன்று சும்மா கிடக்கும். 'நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கலவை' என்று மட்டும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

உயிர் எண்ணிக்கை. சிஎஃப்யூ என்று போட்டிருப்பார்கள். ஒரு கிராமில் உயிரோடு முளைக்கக்கூடிய வித்துகள் எத்தனை என்பது. 10-இன் அடுக்கு 6 என்றால் பத்து லட்சம், அடுக்கு 8 என்றால் பத்துக் கோடி. சின்ன எழுத்தில் இருக்கும் அந்த ஒரு எண் மாறினால் நூறு மடங்கு வித்தியாசம். விலையை ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், உயிருள்ள வித்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். மலிவாகத் தெரிந்த பொட்டலம் பல நேரம் விலை கூடியதாக முடியும்.

தயாரித்த தேதி, காலாவதித் தேதி. டால்க் மாவில் கலந்த பொடியில் மாதம் போகப் போக உயிர் குறைந்துகொண்டே வரும். காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். தயாரித்து மூன்று மாதத்துக்குள் இருப்பதைத் தேடுங்கள்.

பதிவு எண். உங்கள் நாட்டில் இந்த வகைப் பொருளுக்கு எந்தத் துறை அனுமதி கொடுக்கிறதோ அதன் எண் இருக்க வேண்டும்.

எந்தப் பயிருக்கு, எந்தக் கட்டத்துக்கு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பல பொட்டலங்கள் விதை நேர்த்திக்கும் மண்ணுக்கும் மட்டுமே அனுமதி பெற்றவை. அறுவடை செய்த, சாப்பிடப் போகிற கிழங்கின் மேல் தெளிக்க அனுமதி இருக்கிறதா என்பதைச் சீட்டில் தேடுங்கள். இல்லையென்றால் அதை வயலிலும் விதைக்கிழங்கிலும் மட்டும் பயன்படுத்துங்கள். இயற்கை விவசாயச் சான்று வைத்திருப்பவர்கள், சான்று தரும் அமைப்பின் அனுமதிப் பட்டியலில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை தணிக்கை நாளில் உதவாது.

சீட்டில் இல்லாத ஒன்றும் உண்டு: அது எங்கே இருந்தது என்பது. நான் முதல் வருடம் வாங்கிய பொட்டலம் தகரக் கூரைக்கு அடியில், வெயில் விழும் அலமாரியில் அடுக்கியிருந்தது. தேதி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது மாவு.

4. உயிர் இருக்கிறதா என்று நீங்களே சோதியுங்கள்

இதற்கு ஆய்வகம் வேண்டாம். இரண்டு கண்ணாடிப் பாட்டில், கொஞ்சம் வேகவைத்து உதிரியாக ஆறவைத்த தானியம், ஒரு சிட்டிகைப் பொடி போதும்.

இரண்டு பாட்டிலையும் கொதிநீரில் போட்டு எடுத்து, தானியத்தை இரண்டங்குல உயரத்துக்குப் போடுங்கள். ஒன்றில் மட்டும் பொடியைத் தூவிக் குலுக்குங்கள். மற்றதில் எதுவும் போடாதீர்கள். இரண்டின் வாயையும் சுத்தமான பஞ்சால் அடைத்து, வெயில் படாத, மிதமான சூடுள்ள இடத்தில் வையுங்கள். 25 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது.

இரண்டாம் நாள் பொடி போட்ட பாட்டிலில் வெள்ளை நூலாம்படை மாதிரி தெரியும். நான்காம் ஐந்தாம் நாளில் அந்த வெள்ளையின் மேல் திட்டுத்திட்டாக அடர்பச்சை வரும். பஞ்சை எடுத்து லேசாக முகர்ந்தால், சில ரகங்களில் தேங்காய் மணம் வரும். முதல் தடவை எனக்கு அது வந்தபோது யாரோ சமையலறையில் தேங்காய் துருவுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளின் வாசனை அது, எதிரிப் பூஞ்சையை அடக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. எல்லா ரகமும் மணக்காது, மணம் இல்லையென்றால் பயப்பட வேண்டாம்.

பொடி போடாத பாட்டில் எதற்கென்றால், காற்றில் இருக்கும் சாதாரணப் பச்சைப் பூசணமும் தானியத்தில் வரும். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி நீலப்பச்சையாக மாறினால் உங்கள் சோதனை கெட்டுவிட்டது, மறுபடி செய்யுங்கள். பொடி போட்டதில் ஏழு நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால் பொட்டலம் செத்துவிட்டது. பார்த்து முடித்ததும் பாட்டிலைத் திறந்தவாறு வீட்டுக்குள் வைக்காதீர்கள், மண்ணில் புதைத்துவிடுங்கள்.

5. வயலிலேயே காவல் போடுங்கள்

சேமிப்பில் அழுகும் கிழங்கில் பெரும்பகுதி, வயலிலிருந்தே பூஞ்சையை ஒட்டிக்கொண்டு வருவது. அதனால் கிடங்கு வாசலில் மட்டும் காவல் போடுவது பாதி வேலை.

100 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்துக்கு 1 கிலோ பொடி. புண்ணாக்கு கிடைத்தால் உரத்தில் பத்தில் ஒரு பங்கை அதனால் மாற்றுங்கள், பூஞ்சை நன்றாகப் பிடிக்கும். நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது என்ற அளவுக்கு நீர் தெளியுங்கள். ஈரச் சாக்கால் மூடுங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். 15 நாளில் குவியல் மேல் பச்சைப் படலம் தெரியும். அதை நடவுச் சால்களில் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள்.

மக்காத சாணத்தில் இதைச் செய்யாதீர்கள். உள்ளே சூடு ஏறி 50, 60 டிகிரிக்குப் போகும். பெரும்பாலான டிரைக்கோடெர்மா ரகங்கள் 37 டிகிரி தாண்டினாலே சுருண்டுவிடும். குவியலுக்குள் கையை விட்டால் கை சுட்டால், இன்னும் காத்திருங்கள்.

சாம்பலும் சுண்ணாம்பும் இதோடு சேர்க்க வேண்டாம். இந்தப் பூஞ்சைக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும்.

விதைக்கிழங்குக்கு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, அரைமணி நேரம் முக்கி, நிழலில் உலர்த்தி நடுங்கள். சீட்டில் வேறு அளவு போட்டிருந்தால் சீட்டுதான் சரி.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் காளான் வளர்ப்புக் கொட்டகை இருந்தால் இந்த வேலை எதையும் அங்கே செய்யாதீர்கள். காளான்காரர்களுக்கு டிரைக்கோடெர்மா பச்சைப் பூசண நோய். அதே கருவி, அதே கைதான் என்று போய்வந்தால் அவர்கள் படுக்கை காலி.

6. அறுவடை: கிழங்கைப் பழம் மாதிரி பிடியுங்கள்

நீரை முன்கூட்டியே நிறுத்தினால் தோல் முற்றும். உருளையாக இருந்தால் கொடியை வெட்டி இரண்டு மூன்று வாரம் மண்ணுக்குள்ளேயே விடுங்கள். கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், தோல் வழுக்கி வந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

தோண்டும்போது மண்வெட்டி பட்டது, முனை ஒடிந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் வயலிலேயே தனியாகப் போடுங்கள். அவற்றை முதலில் விற்றுவிடுங்கள் அல்லது சமைத்துவிடுங்கள். 'டிரைக்கோடெர்மா பார்த்துக்கொள்ளும்' என்று அவற்றையும் சேர்த்து அடுக்கியதுதான் என் முதல் வருடக் கதை.

பெட்டியில் வீசாதீர்கள். முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தாலே உள்காயம் படும், வெளியே தெரியாது. வெயிலில் மணிக்கணக்கில் கிடக்கவும் விடாதீர்கள். கழுவாதீர்கள். ஒட்டிய மண்ணைக் கையால் உதறினால் போதும். கேரட் மட்டும் விதிவிலக்கு, கழுவி உடனே குளிரில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

7. தெளிப்பு: முக்காதீர்கள்

சேமிக்கிற கிழங்கைத் தொட்டியில் முக்கியெடுக்கும்படி பல இடங்களில் சொல்லியிருக்கும். நான் அதற்கு எதிர்க்கட்சி. ஒரே தண்ணீரில் பெட்டி பெட்டியாக முக்கும்போது, ஒரு கெட்ட கிழங்கில் இருக்கும் மென்னழுகல் பாக்டீரியா எல்லாக் கிழங்குக்கும் போய்ச் சேரும். முக்கிய கிழங்கு உலரவும் நேரம் எடுக்கும், கண்ணுக்குழியில் நீர் தங்கும். விதைக்கிழங்குக்கு முக்கல் சரி, சாப்பிடும் கிழங்கைச் சேமிக்க மென்தெளிப்பே நல்லது.

தண்ணீரில் குளோரின் இருந்தால் வித்து சாகும். குழாய் நீர் என்றால் முந்தின நாளே அகன்ற பாத்திரத்தில் திறந்து வையுங்கள். ஆனால் சில ஊர்களில் குளோரமின் கலப்பார்கள், அது இப்படிப் பறந்து போகாது. கிணற்று நீரோ மழைநீரோ இருந்தால் தொந்தரவே இல்லை.

லிட்டருக்கு 10 கிராம் போட்டு அரைமணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கலக்கி, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். டால்க் துணியில் நிற்கும். வித்துகள் 3, 4 மைக்ரான் அளவுதான், நீரோடு வந்துவிடும். வடிகட்டாமல் ஊற்றினால் பத்தாவது நிமிடம் முனை அடைத்துக்கொள்ளும், நீங்கள் ஊசியோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போது என் இரண்டாம் வருடக் கதை. பொடி நல்ல பொடி, பாட்டில் சோதனையில் தேங்காய் மணம் அடித்தது. கிழங்கும் பொறுக்கியெடுத்தது. ஆனால் தெளிப்பான் இரவல். அதற்கு முந்தின வாரம் அதில் தாமிர மருந்து கலந்திருக்கிறார்கள். உள்ளே நீலநிறக் கறை இருந்ததைப் பார்த்தேன், தண்ணீரால் இரண்டு முறை அலசினேன், போதும் என்று நினைத்தேன். போதவில்லை. அதிலிருந்து இதற்கென்று ஒரு கைத்தெளிப்பான் தனியாக வைத்திருக்கிறேன், யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

கரைசலில் வெல்லம், கஞ்சி எதுவும் சேர்க்காதீர்கள். விதை நேர்த்தியில் ஒட்டுவதற்காகக் கஞ்சி சேர்ப்பார்கள், அது மண்ணுக்குள் போகிறது, பரவாயில்லை. கிடங்கில் அது எல்லாப் பூஞ்சைக்கும் விருந்து.

மாலையில், நிழலில், ஒரு அடுக்காகப் பரப்பித் தெளியுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் வித்தைக் கொல்லும். தோல் நனைய வேண்டும், சொட்டக் கூடாது. புரட்டிப் போட்டு மறுபக்கமும். காம்பு முறிந்த முனைகளுக்குத் தனியாக ஒரு அழுத்து. 100 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் எனக்குப் போதுமாக இருந்தது. கலக்கிய கரைசலை அன்றே முடித்துவிடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பொடி நெஞ்சில் இறங்கினால் ஒவ்வாமை வரும். உடலில் எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

பிறகு விசிறிக் காற்றில் மேல்தோல் உலரும்வரை விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம்.

8. காயம் ஆற்றும் அறை: இதுதான் உண்மையான வேலை

பொடியைவிட இந்த ஒரு வாரம் முக்கியம். பறித்த கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது. சரியான சூடும் ஈரமும் கிடைத்தால் தன் காயத்தின் மேல் தக்கை மாதிரி ஒரு புதுத்தோலைக் கட்டிக்கொள்ளும். அது கட்டி முடிக்கும் வரை அந்த இடத்தைக் காப்பதுதான் டிரைக்கோடெர்மாவின் வேலை.

சர்க்கரைவள்ளிக்கு 29 முதல் 32 டிகிரி, ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம், 4 முதல் 7 நாள். வள்ளிக்கிழங்கு வகைகளுக்கும் ஏறக்குறைய இதேதான். இந்தச் சூடு டிரைக்கோடெர்மாவும் சுறுசுறுப்பாக வளரும் சூடு. அதனால்தான் தெளிப்பையும் காயம் ஆற்றுவதையும் பிரிக்கக் கூடாது என்கிறேன். தெளித்துவிட்டு நேராகக் குளிர் அறையில் வைத்தால் பூஞ்சை தூங்கிவிடும், காயமும் ஆறாது.

உருளைக்குச் சூடு குறைவு. 10 முதல் 15 டிகிரியில் இரண்டு வாரம். அந்தக் குளிரில் பல ரகங்கள் மந்தமாகத்தான் வளரும், ஆகவே உருளையில் கிடங்குத் தெளிப்பைவிட வயல் வேலையை அதிகம் நம்புங்கள். கேரட்டை 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அங்கே டிரைக்கோடெர்மா தெளிப்பதில் அர்த்தமே இல்லை, கேரட்டுக்கு மண்ணில் செய்வது மட்டும்தான்.

தனி அறை இல்லாதவர்கள் ஒரு சின்ன அறையின் மூலையில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, பெட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கி, மேலே துணி போர்த்தலாம். வெப்பமானியும் ஈரப்பதமானியும் கட்டாயம் வாங்குங்கள், கையால் தொட்டுச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் விரிப்பால் மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, துளி துளியாகக் கிழங்கின் மேல் சொட்டும், சொட்டிய இடத்தில்தான் முதல் அழுகல் வரும். ஈரமான காற்று வேண்டும், ஈரமான கிழங்கு கூடாது. தினம் ஒருமுறை கதவைத் திறந்து பத்து நிமிடம் காற்று மாற்றுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க மறுபடி கட்டைவிரல்தான். தேய்த்தால் தோல் நகரக் கூடாது. கீறல்கள் உலர்ந்து வெளுத்திருக்க வேண்டும். சர்க்கரைவள்ளியில் முளைக்கண் லேசாகப் புடைக்கத் தொடங்கினால் அன்றே நிறுத்துங்கள். இந்த வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், அது நீர் போவது. அழுகலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

9. அடுக்குவதும் பார்ப்பதும்

சர்க்கரைவள்ளிக்கு 13 முதல் 15 டிகிரி. 12-க்குக் கீழே போனால் குளிர்க்காயம் படும், குளிர்க்காயம் பட்ட கிழங்கைப் பூஞ்சை தேடி வரும். வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

அட்டைப்பெட்டி, சணல் சாக்கு, மூங்கில் கூடை வேண்டாம். டிரைக்கோடெர்மாவுக்கு மரநாரும் பருத்தியும் சாப்பாடு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க இராணுவத்தின் கூடாரத் துணியை அரித்துத் தின்ற பூஞ்சை இதன் நெருங்கிய உறவுதான். ஈரமான இடத்தில் உங்கள் சாக்கு என்ன பெரிய விஷயம். துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிதான் நல்லது, கழுவவும் முடியும்.

பழைய கிடங்கைப் பிளீச்சிங் தூளால் கழுவுகிறவர்கள், தெளித்த கிழங்கை உள்ளே கொண்டுபோவதற்கு முன் நன்றாக அலசி, ஒரு வாரம் காயவிடுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை பாருங்கள், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கையில் டார்ச், ஒரு வாளி. கண்ணைவிட மூக்கு முந்திச் சொல்லும். அழுகியதை எடுக்கும்போது அதைத் தொட்டுக்கொண்டிருந்த நாலு கிழங்கையும் சேர்த்து எடுங்கள். அழுகியதன் மேல் மறுபடி டிரைக்கோடெர்மா தெளிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நனைத்ததுதான் மிச்சமாகும். ஆரோக்கியமான கிழங்கின் காம்பு நுனியில் மெல்லிய பச்சைப் படலம் தெரிந்தால் அது நீங்கள் போட்டதாக இருக்கலாம், கீழே கிழங்கு கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். அமுங்கினால் எடுத்துவிடுங்கள். நல்ல பூஞ்சையும் செத்த திசுவில் வளரத்தான் செய்யும்.

10. ஒரு நோட்டும் ஒரு சும்மா பெட்டியும்

ஒரு பெட்டிக் கிழங்கை எதுவும் தெளிக்காமல் அதே அறையில், அதே நாளில், பெயர் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அழுகாமல் இருந்ததற்கு யார் காரணம் என்று உங்களுக்கு எப்போதும் தெரியாது. அந்த வருடம் வானிலை நன்றாக இருந்திருக்கலாம்.

நோட்டில் பொட்டலத்தின் தொகுதி எண், தயாரித்த தேதி, வாங்கிய ரசீது, அறுவடை தேதி, தெளித்த நேரம், அறையின் சூடு ஈரம், பெட்டி வாரியாக எடுத்தெறிந்த எடை. பொட்டலச் சீட்டைக் கிழித்து அதே பக்கத்தில் ஒட்டுங்கள். கடைக்காரரிடம் 'உங்கள் பொடி செத்துவிட்டது' என்று சொல்லப் போகும்போது இந்தப் பக்கம் இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது. நான் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

11. செலவு எங்கே போகிறது

100 கிலோ கிழங்கின் மேல் தெளிக்க 15 கிராம் பொடிதான் ஆகிறது. ஆகவே பொடியில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பெரிய செலவு தொழு உரம், அதைப் புரட்டும் ஆள்கூலி, கிழங்கைப் பொறுக்கும் கூலி, காயம் ஆற்றும் அறையைச் சூடாக வைக்கும் மின்சாரம். பெட்டியும் தெளிப்பானும் ஒருமுறைச் செலவு. முதல் பருவத்தில் கையில் இருக்கும் எல்லாக் கிழங்கையும் இதில் இறக்காமல், நாலைந்து பெட்டியில் மட்டும் செய்து பார்த்தால், தப்பு நடந்தாலும் தாங்கும்.

பொடி மிச்சமானால் அடுத்த பருவத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். மக்கிய தொழு உரக் குவியலில் கொட்டி, ஈரம் தெளித்து மூடிவிடுங்கள்.